தத்துக் குழந்தையும் பிறந்த மாவட்டமும்: அயல்நாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் வாழும் தமிழ்த் தம்பதியர் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்யும்போது, வரப்போகும் குழந்தை தமிழ்நாட்டில் பிறந்ததாக இருக்கும் என்று தம்மையறியாமலே எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் ‘காரா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே இணையப் பதிவைத்தான் நடத்துகிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கும் உள்நாட்டில் வாழ்வோருக்கும் அதில் ஒரே வரிசைதான். குழந்தை எந்த மாநிலத்திலிருந்தும் வரலாம். ஆகவே சேலத்தையோ நெல்லையையோ பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம், ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ மகாராஷ்டிரத்திலோ பிறந்த குழந்தையோடு டொரண்டோவுக்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ திரும்புவதில் வியப்பில்லை.

இங்கே ஐரோப்பியப் பெற்றோருக்கு வராத ஒரு சிக்கல் நமக்கு வருகிறது. இந்தியக் குழந்தையை வளர்க்கும் ஸ்வீடன் நாட்டுத் தம்பதிக்கு, அந்தக் குழந்தை பிறந்த மண் தங்களுக்கு அந்நியமானது என்பது முதல் நாளே தெரியும். அதனால் தேடிப் படிக்கிறார்கள், தெரிந்தவர்களிடம் கேட்கிறார்கள். நமக்கோ வீட்டில் இட்லியும் பொங்கலும் இருக்கின்றன, விடுமுறைக்கு மதுரைக்குப் போய் வருகிறோம், இந்தியாவோடு உறவு தானாக வந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. மதுரை நம்முடைய ஊர். ஒவ்வொரு கோடையிலும் மதுரைக்குக் கூட்டிச் செல்லப்பட்டு, ‘இதுதான் நம் ஊர்’ என்று சொல்லப்பட்டு, தான் பிறந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒரு குழந்தை பதினெட்டு வயதை எட்டிவிட முடியும். பெற்றோருக்கு அதில் ஒரு குறையும் தென்படாது.

ஆகவே இந்த வழிகாட்டி நாட்டையோ மாநிலத்தையோ அளவாக எடுத்துக்கொள்ளாமல் மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறது. பொதுவாகப் பேசினால் பயன்படாது என்பதால், ஒடிசாவின் தென்மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைமீதுள்ள கோராபுட் மாவட்டத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் குழந்தையின் மாவட்டம் எதுவோ அதை அந்த இடத்தில் வைத்து வாசியுங்கள்.

முதல் படி: கோப்பை வரிவரியாகப் படித்தல்

குழந்தையோடு வந்த காகிதங்களை, பாஸ்போர்ட் வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். அந்தக் காகிதங்கள்தான் குழந்தையின் முதல் வரலாறு. குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று அறிவிக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, தத்து ஆணை, காராவின் தடையில்லாச் சான்று, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பைப் பற்றிய ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படும் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தத்து ஆணை 2022 செப்டம்பருக்கு முந்தையதாயின் நீதிமன்றம் வழங்கியதாக இருக்கும். அதற்குப் பிந்தையதாயின் மாவட்ட ஆட்சியர் வழங்கியதாக இருக்கும். பின்னாளில் நகல் தேவைப்பட்டால் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை இது முடிவு செய்யும்.

இவற்றுள் ஊரைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வது பிறப்புச் சான்றிதழ்தான். தத்துக்குப் பின் வழங்கப்படும் சான்றிதழில் பெற்றோராக உங்கள் பெயர்களே இருக்கும். கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையாயின், பிறந்த இடமாகத் தத்து நிறுவனம் இருக்கும் ஊரே குறிக்கப்பட்டிருக்கலாம். பிறந்த நாளும் மருத்துவர் உடலைப் பார்த்துக் கணித்த ஒன்றாக இருக்கலாம். ஆகவே சான்றிதழில் ஜெய்ப்பூர் என்ற கோராபுட் மாவட்டத்து ஊர் இருந்தால், குழந்தை அங்கே பிறந்தது என்று உடனே முடிவுகட்டாமல் (ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரோடு இதைக் குழப்பிக்கொள்ளும் உறவினர்களும் உண்டு), குழந்தைகள் நலக் குழுவின் ஆணையையும் குழந்தை ஆய்வு அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். குழந்தை எங்கே, யாரால், எந்தத் தேதியில் கண்டெடுக்கப்பட்டது அல்லது ஒப்படைக்கப்பட்டது என்பது அவற்றில்தான் இருக்கும். அரசு மருத்துவமனையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு அந்த வட்டாரம் ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை எங்கிருந்து வந்தது என்பதை அந்த நிலையத்தின் பெயர் சொல்லாது. அப்படிப்பட்ட நிலையில் நாம் குழந்தையிடம் காட்டக்கூடியது, அவள் முதன்முதலாக அறியப்பட்ட இடம். அதை அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

காகிதங்களுக்குப் பின்னால் உள்ள நடைமுறையையும் தெரிந்துவைத்திருங்கள், ஏனெனில் ஒருநாள் குழந்தை கேட்கும் கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. பெற்றவர்களே குழந்தையை ஒப்படைத்திருந்தால், அவர்கள் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாட்கள் அவகாசம் தரப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட குழந்தையாயின், படத்தோடு செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு மாதமும் அதற்கு மேற்பட்டவருக்கு நான்கு மாதமும் பெற்றோரைத் தேடியிருப்பார்கள். ‘என்னை யாராவது தேடினார்களா?’ என்று ஒன்பது வயதில் அவள் கேட்கும்போது, ‘உன் படத்தைச் செய்தித்தாளில் போட்டுத் தேடினார்கள்’ என்று உண்மையாகச் சொல்ல முடிவது சிறிய ஆறுதல் அன்று. அந்த அறிவிப்பின் நகல் கோப்பில் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. அவற்றை எந்தப் படிவமும் கேட்பதில்லை. எந்த ஆயா அதிகம் தூக்கி வைத்திருந்தார், அவர் எந்த மொழியில் பேசினார், குழந்தையை என்ன செல்லப்பெயர் சொல்லி அழைத்தார்கள், எதை ஊட்டினார்கள், எப்படித் தூங்கவைத்தார்கள், அவளோடு ஒரே அறையில் இருந்த குழந்தைகள் யாருக்காவது அவள் ஒட்டிக்கொண்டிருந்தாளா என்பவை அவை. ஆயாக்கள் வேலை மாறிப் போய்விடுவார்கள். ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் விடை சொல்ல ஆள் இருக்காது. குழந்தையைப் பெற்றுக்கொள்ளச் செல்லும் நாளிலேயே கேளுங்கள். வாயிற்கதவையும் தொட்டில் இருந்த அறையையும், இசைந்தால் ஆயாவையும் படம் எடுத்து வையுங்கள். மற்றக் குழந்தைகளின் முகம் படத்தில் விழக் கூடாது, ஏனெனில் அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அந்த நாள் கடந்துவிட்டதென்றால், தத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு அறிக்கைகள் ஒரு நல்ல வழி. முதலாண்டில் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் இரண்டாமாண்டில் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் இந்த அறிக்கைகள் அனுப்பப்பட வேண்டியவையாதலால், ஒவ்வொன்றோடும் ஒரு படமும் இரண்டு கேள்வியும் சேர்த்து அனுப்பினால் நிறுவனத்தோடு பேச்சு அறுபடாமல் இருக்கும்.

நிறுவனத்தில் வைத்த பெயரை நீக்கிவிடாதீர்கள். புதுப் பெயர் வைத்தாலும் அதை நடுப்பெயராகவேனும் காத்துவையுங்கள். அவள் அந்த ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றுள் யாரும் பறிக்க முடியாமல் இருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

இரண்டாம் படி: வீட்டில் பேசும் முறை

எந்த வயதில் சொல்வது என்ற கேள்வியே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. ‘தத்து’ என்ற சொல்லும் கோராபுட் என்ற பெயரும் குழந்தைக்குப் பொருள் புரிவதற்கு முன்பே வீட்டில் இயல்பாகப் புழங்க வேண்டும். பின்னாளில் உட்காரவைத்து அறிவிக்கும் ஒரு நாள் தேவைப்படக் கூடாது. நம் குடும்பங்களில் இதற்குத் தடையாக நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். குழந்தைக்குத் தெரிந்தால் மனம் ஒட்டாது என்று அவர்கள் உள்ளன்போடே அஞ்சுகிறார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, ஊரின் பெயரை அவர்கள் வாயிலும் புழங்கச் செய்வது பலன் தரும். ‘கோராபுட்டிலும் உன்னை மாதிரியே கேழ்வரகுக் கூழ் குடிப்பார்களாம் பாட்டி’ என்று பேரக்குழந்தை சொல்லக் கேட்ட பாட்டி, பிறகு அந்த ஊரை மறைக்க முயல மாட்டார்.

அதைவிடக் கடினமானது சாதி. ‘என்ன ஆளுகளோ’ என்று ஒரு திருமண வீட்டில் யாராவது தாழ்ந்த குரலில் கேட்பார்கள், நிறத்தைப் பற்றியும் சொல்வார்கள், குழந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். கணவனும் மனைவியும் இதற்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அது சுருக்கமாகவும், விளக்கம் தராததாகவும், குழந்தையின் காதில் விழும்படியும் இருக்க வேண்டும். சிரித்து மழுப்புவதைக் குழந்தை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும்.

பெற்ற தாயைப் பற்றிப் பேசும்போது கதை கட்டாதீர்கள். ‘உன் அம்மா ஏழை, உன் நன்மைக்காகத்தான் கொடுத்தாள்’ என்று கோப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னால், அது இரண்டு வகையில் தீங்கு செய்யும்: பொய்யென்று பின்னர் தெரியவரலாம், அத்துடன், அன்பு இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று குழந்தை கணக்குப் போட்டு, அன்பு காட்டும் உங்களையே ஐயத்தோடு பார்க்கலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள்; தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கடவுள் எங்களுக்காகவே உன்னை அனுப்பினார் என்ற வழக்கமான பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெண் தன் குழந்தையை இழந்ததை நமக்குக் கிடைத்த வரமாக மட்டும் சொல்லும்போது, அந்த இழப்பைப் பற்றிக் கேட்கும் உரிமை குழந்தைக்கு இல்லாமல் போகிறது.

மூன்றாம் படி: மாவட்டத்தை முதலில் பெற்றோர் கற்பது

ஒடிசா என்று தேடினால் புரியின் தேரும், கொணார்க்கின் கற்சக்கரமும், பட்டுச் சேலையும் வந்து நிற்கும். அவை அழகானவை, ஆனால் கடற்கரை ஒடிசாவுக்கும் கோராபுட்டுக்கும் இடையே உள்ள தொலைவு வெறும் ரயில் தொலைவு அன்று. கோராபுட்டின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பழங்குடியினர். பரஜா, கதபா, கோந்த் முதலிய சமூகங்கள் அங்கே வாழ்கின்றன. ஒடியாவோடு தேசியா என்ற வட்டாரப் பேச்சும், வேறு பல மொழிகளும் அங்கே புழங்குகின்றன. கோந்த் மக்களில் ஒரு பகுதியினர் பேசும் குவி மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தமிழ் வீட்டில் வளரும் குழந்தையிடம் சொல்வதற்குத் தனி இனிமை உண்டு. எனினும் ஒன்றை மறக்கக் கூடாது: கோப்பில் இல்லாதவரை, அந்த மாவட்டத்தில் பிறந்ததாலேயே உங்கள் மகளைப் பழங்குடிப் பெண் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. ஊரை அவளுக்குத் தரலாம். இனத்தை ஊகித்துத் தர முடியாது.

சமையலறையிலிருந்து தொடங்குவது எளிது. கேழ்வரகை அங்கே மண்டியா என்பார்கள். அதைக் கரைத்துக் காய்ச்சும் மண்டியா பேஜ், நம் கூழுக்கு மிக நெருக்கமானது. ஒடிசா முழுவதும் வெயில் காலத்தில் உண்ணும் பகாளா, நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு. அரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்த்துச் சுடும் அரிசா பிட்டா, பார்வைக்கும் நாவுக்கும் அதிரசத்தை நினைவூட்டும். இந்த ஒற்றுமைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ‘நம்முடையதுதான் அது’ என்று முடித்துவிடாதீர்கள். பேஜ் என்ற பெயரிலேயே அது மேசைக்கு வர வேண்டும்.

அடுத்து, அந்த ஊரின் பெருமைக்குரிய மனிதர்களும் செயல்களும். தத்துக் குழந்தைகள் தம் பிறந்த ஊரைப் பற்றி வறுமை, கைவிடுதல் என்ற இரண்டையே கேட்டு வளர்வது பெரிய அநீதி. கோராபுட்டின் பாரம்பரிய வேளாண்மையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்டது. ஜெய்ப்பூர் வட்டாரம் நெல் வகைகளின் செழுமைக்குப் பெயர்போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையத்தை நடத்திவருவது அதனால்தான். நாட்டு நெல் விதைகளைச் சேர்த்துக் காத்த பழங்குடிப் பெண்மணி கமலா பூஜாரிக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் 2024இல் மறைந்தார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் பங்கெடுத்து 1943 மார்ச் 29 அன்று பெர்ஹாம்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்ட லட்சுமண் நாயக், அன்றைய கோராபுட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஒடிசாவின் மிக உயர்ந்த சிகரமான தேவமாலியும் கோராபுட்டில்தான் உள்ளது. பள்ளியில் ‘என் சொந்த ஊர்’ என்று எழுதச் சொல்லும் நாளில், குழந்தையின் கையில் இவை இருந்தால் போதும்.

பண்டிகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் தவறாமல் நடத்துங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் இரண்டாம் ஆண்டிலேயே விட்டுப்போகும். பங்குனி, சித்திரையை ஒட்டி வரும் சைத் பரப் கோராபுட்டின் கிராமங்களுக்கு உரியது; திம்சா ஆட்டம் அப்போது களைகட்டும். நாட்காட்டியில் அது நம் புத்தாண்டுக்குப் பக்கத்தில் வருவதால் மறக்காது.

மொழியைப் பற்றி எதார்த்தமாக இருங்கள். மூன்று நான்கு வயதில் வந்த குழந்தை, வந்த சில மாதங்களிலேயே பழைய மொழியைப் பேசுவதை நிறுத்திவிடும். இதைத் தடுக்க முடிந்த பெற்றோர் குறைவு. ஆனால் எல்லாம் அழிந்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. மிகச் சிறு வயதில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு, ஃபிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரை மான்ட்ரியால் ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு சீனச் சொல்லும் நினைவில் இல்லாத அந்தச் சிறுமியரின் மூளை, சீன மொழியின் ஒலி ஏற்ற இறக்கங்களைச் சீனம் பேசுவோரின் மூளையைப் போலவே கையாண்டது. ஆகவே பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த மொழி அவ்வப்போது காதில் விழுந்துகொண்டிருக்கச் செய்தால் நல்லது. இணைய வானொலியும் தாலாட்டுப் பதிவுகளும் அதற்குப் போதும்.

நான்காம் படி: மனிதர்களைத் தேடுதல்

வட அமெரிக்காவில் இருப்போருக்கு, 1969இல் தொடங்கப்பட்ட ஒடிசா சொசைட்டி ஆஃப் தி அமெரிக்காஸ் என்ற சங்கம் நல்ல வாசல். பிற நாடுகளின் பெருநகரங்களிலும் ஒடியாக்கள் கூடும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கே வருவோர் பெரும்பாலும் புவனேஸ்வர், கட்டாக் பக்கத்துப் படித்த குடும்பத்தினர். கோராபுட் என்றதும் சிலர் முகத்தில் தோன்றும் வியப்பையும் இரக்கத்தையும் குழந்தை கவனிக்கும். முதல் முறை பெற்றோர் மட்டும் போய்ப் பழகி, எந்தக் குடும்பத்தோடு ஒட்டும் என்று பார்த்துக்கொண்டு, பிறகு குழந்தையை அழைத்துச் செல்வது நல்லது. இதைவிடப் பெரிய துணை, தத்தெடுக்கப்பட்டு வளர்ந்து ஆளானவர்கள். இந்தியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று வளர்ந்தவர்கள் பல நாடுகளில் தமக்குள் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பெற்றோருக்குக் கசப்பானவை நிறைய இருக்கும், வாதிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பயண ஆவணங்கள்

பெற்றோர் இந்தியக் குடிமக்களாகவே தொடர்ந்தால் குழந்தையும் இந்திய பாஸ்போர்ட்டில் வந்துபோகலாம். குழந்தை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், இரட்டைக் குடியுரிமைக்கு இந்தியாவில் இடமில்லாததால், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றைப் பெற்றபின் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 20 வயதுக்கு முன் பெற்ற அட்டையை, 20 வயது நிறைந்தபின் புதிய பாஸ்போர்ட் பெறும்போது ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். தத்து ஆணையின் சான்றிட்ட நகல் ஒன்று பயணப் பையில் இருக்கட்டும். கிராமங்களுக்குள் செல்வதாயின், சில பழங்குடிப் பகுதிகளில் நுழையவும் படம் எடுக்கவும் கட்டுப்பாடுகள் இருக்கக்கூடும். மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: முதல் பயணம்

முதல் பயணத்தைச் சித்தப்பா மகள் கல்யாணத்தோடு சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் மூன்று வாரம், கோராபுட்டில் ஒன்றரை நாள் என்று அமைந்துவிட்டால், எது முக்கியம் என்பதைக் குழந்தை தானே புரிந்துகொள்ளும். ஊர் நோக்கிய பயணம் தனியாக அமையட்டும், அல்லது அது முதலில் வரட்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து அரக்கு வழியாகக் கிரந்துல் செல்லும் மலைப்பாதை ரயிலில் பகலில் ஏறுவது நல்ல வழி. பைலாடிலாவின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் போடப்பட்ட பாதை அது. அடுத்தடுத்து வரும் சுரங்கங்களும் பள்ளத்தாக்குகளுமாக, மலை மெல்ல மெல்ல உயர்ந்து கோராபுட் வந்துசேரும். விமானத்தில் போய் இறங்குவதைவிட, ஊர் எங்கே இருக்கிறது என்பது குழந்தையின் உடலுக்குப் புரியும். மழை ஓய்ந்த அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலம் ஏற்றது. இரவில் குளிர் நன்றாகவே இருக்கும்.

புறப்படுவதற்கு முன் பேச வேண்டியது ஒன்று உண்டு. எட்டு வயதுக் குழந்தை, தன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்களோ என்று அஞ்சும். அதை வாய்விட்டுச் சொல்லாது; புறப்படும் வாரத்தில் காய்ச்சலாகவோ, காரணமில்லாத பிடிவாதமாகவோ அது வெளிப்படும். குழந்தை கேட்பதற்கு முன்பே திரும்பும் பயணச் சீட்டைக் காட்டுங்கள், அவள் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள், திரும்பி வந்தபின் பள்ளியில் நடக்கவிருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். தத்து நிறுவனத்தின் வாசலில் இந்த அச்சம் மீண்டும் தலைதூக்கும்; உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் பெற்றோரில் ஒருவர் அவள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

நிறுவனத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே கடிதம் எழுதி இசைவு பெறுங்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது அங்குள்ள குழந்தைகளுக்கு நல்லதன்று. கையில் பொம்மைகளோடு போய் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தக் காட்சியில் உங்கள் மகள் தன்னைக் கொடுப்பவளாகப் பார்ப்பாளா, வாங்குபவர்களில் ஒருத்தியாகப் பார்ப்பாளா என்பது உங்களுக்குத் தெரியாது. என்ன தேவை என்று நிர்வாகியிடம் கேட்டு, அதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம். உள்ளே வர மாட்டேன் என்று அவள் சொன்னால், வாசலோடு திரும்பிவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்திருக்கிறோமே என்ற வாதம் நம்முடையது. அவளை அது கட்டுப்படுத்தாது.

ஊருக்குள் நடக்கும்போது இடங்கள் தலைகீழாக மாறும். அங்கே மக்கள் உங்கள் மகளிடம் தேசியாவிலோ ஒடியாவிலோ பேசுவார்கள். உங்களிடம் இந்தியில் பேச முயல்வார்கள். கூட்டத்தில் தனித்துத் தெரிவது நீங்கள், கலந்துவிடுவது அவள். வெளிநாட்டுப் பள்ளியில் எப்போதும் வேறுபட்டுத் தெரிந்தவளுக்கு இது பெருமகிழ்ச்சியாகவும் இருக்கலாம், மொழி தெரியாததால் கூச்சமாகவும் இருக்கலாம், ஒரே மணி நேரத்தில் இரண்டுமாகவும் இருக்கலாம். ‘ஜுஹார்’ என்று கைகூப்பி வணங்கக் கற்றுக்கொடுத்தால், பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும் அந்த ஒன்று போதும். நாளுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாரச் சந்தை ஒருநாள், கோலாப் அணை ஒருநாள், துடுமா அருவி ஒருநாள். மிச்ச நேரம் விடுதியில் சும்மா இருப்பதற்கு. பெரிய கேள்விகள் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரும்.

ஏழாம் படி: பெற்றவர்களைத் தேடுவது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊரை அறிவதும் பெற்றவர்களைத் தேடுவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதைப் பெற்றோர் தொடங்கலாம், இரண்டாவதைக் குழந்தைதான் தொடங்க வேண்டும்.

தத்துக் கொடுக்கப்பட்டவர் தம் பிறப்பின் வேரைத் தேடும் ‘வேர்தேடலுக்கு’ இந்தியத் தத்தெடுப்பு விதிகள் வழி வைத்திருக்கின்றன. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குட்பட்டவர் தத்துப் பெற்றோரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். குழந்தையின் வயதையும் முதிர்ச்சியையும் கருத்தில் கொண்டு காரா, மாநிலத் தத்தெடுப்பு முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தத்து நிறுவனம் ஆகியவை உதவ வேண்டும். பெற்றவர்கள் தங்கள் அடையாளத்தை மறைக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களின் இசைவைப் பெற்ற பின்பே தகவல் தரப்படும். அவர்கள் மறுத்தாலோ கண்டறிய முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டாள் என்பது மட்டும் தெரிவிக்கப்படும். மூன்றாம் நபர் வழியாகத் தேடுவதற்கு அனுமதி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்பவர்களையும், குழந்தையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுத் தேடலாம் என்ற யோசனையையும் ஒதுக்கிவிட இந்த விதி ஒன்றே போதுமானது. அதற்கும் மேலாக, அந்தப் பெண் மணமாகாத நிலையில் பெற்று, யாருக்கும் தெரியாமல் ஒப்படைத்து, இன்று வேறொரு குடும்பத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஒரு பதிவு அவள் வாழ்க்கையைச் சிதைத்துவிடும்.

கோப்பே பொய்யாக இருக்கக்கூடும் என்பதையும் வளர்ந்த பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 1990களின் இறுதியில் கடத்தப்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தது 2005இல் காவல்துறை விசாரணையில் வெளிப்பட்டது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றவர்கள் சிலர் வளர்ந்து தேடிப் போனபோது, ஆவணத்தில் தாயாகக் குறிக்கப்பட்டிருந்தவர் தாயாக நடிக்க அமர்த்தப்பட்டவர் என்று கண்டறிந்தார்கள். இத்தகைய முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கையையடுத்து, 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. இணையவழிப் பதிவு வந்தபின் நடந்த தத்துகளில் இப்படி நடக்க வாய்ப்பு குறைந்திருக்கிறது. பழைய தத்துகளில் தேதிகளும் கையெழுத்துகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்ப்பது தவறில்லை. மரபணுச் சோதனை நிறுவனங்களின் தரவுகளில் இந்தியக் கிராமத்து மக்கள் மிக அரிதாகவே இருப்பதால், அதிலிருந்து தாய் தந்தையரை அறியலாம் என்று நம்பவைத்துவிடாதீர்கள்.

பயணத்துக்குப் பின்

திரும்பி வந்தபின் பல குழந்தைகள் அந்த ஊரைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பதின்மூன்று வயதில் சைத் பரப்பும் வேண்டாம், பேஜும் வேண்டாம் என்பார்கள். வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள், ஆனால் நீங்கள் நிறுத்திவிடாதீர்கள். அந்த நாளில் அந்தக் கூழைப் பெற்றோர் மட்டும் குடித்தாலும் குறைவில்லை.

இதற்கிடையில் உங்கள் கையில் ஒரு சிறிய எழுத்து வேலை இருக்கிறது. வீடோ நாடோ மின்னஞ்சல் முகவரியோ மாறும் ஒவ்வொரு முறையும், புதிய முகவரியைத் தத்து நிறுவனத்துக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், காராவுக்கும் எழுத்தில் தெரிவித்து, குழந்தையின் கோப்பில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருநாள் கேட்டு வந்தால், கோப்பில் இருக்கும் முகவரி இன்றைய முகவரியாக இருக்க வேண்டும். அவளுக்கு 18 வயது நிறைந்ததும் மூலக் காகிதங்களை அவளிடமே ஒப்படைத்துவிட்டு, நகலை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.